ஹோன் அடித்தால் மங்கும்

அட்டனில் வாங்கியது. இரண்டாயிரத்து எழுநூறு.
பெட்டியில் ஆறாயிரம் கே என்று போட்டிருந்தது.
கே என்றால் என்னவென்று நான் கேட்கவில்லை,
கடைக்காரரும் சொல்லவில்லை.
பழைய பல்பைக் கழற்றியபோது
கோழிக்கு அடியிலிருந்து எடுத்த முட்டைபோல்
இளஞ்சூடாய் இருந்தது.
பேப்பரில் சுற்றி டூல் பெட்டிக்குள் வைத்தேன்.

முதல் இரவு
தேயிலையை இலை இலையாய் எண்ணலாம் போலிருந்தது.
நோர்வூட் தாண்டி ஒரு மரை
கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாதை மாறியது.
இரண்டாம் இரவு நடுக்கம் தொடங்கிவிட்டது.
ஆக்சிலேட்டரை முறுக்கினால் பகல்,
விட்டால் மின்மினி.
பால் கேன் இரண்டும் முதுகில் இடிக்க இடிக்க
இறக்கத்தில்தான் அதிகம் மங்கியது,
வெளிச்சம் வேண்டிய இடம் பார்த்து.

"காயில்லயிருந்து நேரா வருது அண்ணே,
என்ஜின் மூச்சு வாங்குனா லைட்டும் வாங்கும்.
பெட்டரியில எடுக்கணும்" என்றான் ரிஸ்மி.
ரிலே, ஃபியூஸ், சிவப்பு வயர், கறுப்பு டேப்.
சாவியைத் திருப்பினோம்.
ஒன்றுமே எரியவில்லை.
மீட்டர் முனைகளை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்துவிட்டு
தலை நிமிராமல் சொன்னான்:
"உங்களுக்கு எர்த் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நாலு தலைமுறையாய் அதைத்தானே சொல்கிறார்கள்,
கச்சேரியில், தோட்டத்து ஆபிசில்,
ஏழு பேர்ச் என்று தேர்தலுக்குத் தேர்தல் மேடையில்.
ஏன் சிரிக்கிறீங்க என்றான் ரிஸ்மி.
பெயிண்டுக்கு மேலேயே போல்ட்டை இறுக்கியிருந்தான்,
அதுதான் கோளாறு.
உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான்.
கறுப்புப் பூச்சு போய்
ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு
வெறும் இரும்பு பளபளத்தது.
அவ்வளவு போதுமாக இருந்தது.

அப்புறம் ஏச்சு.
பொகவந்தலாவை பஸ்ஸின் சாரதி
ஜன்னலால் தலையை நீட்டி
சிங்களத்தில் என் தாயை நலம் விசாரித்தான்.
லைட்டைத் தாழ்த்த வேண்டும்.
லயத்துச் சுவரிலிருந்து இருபத்தைந்து அடி அளந்து
பைக்கை நிறுத்தி
சோக்கட்டியால் கோடு கிழித்தேன்.
பன்னிரண்டாம் காம்பராக் கதவு திறந்து,
கையில் ரொட்டி மாவோடு புனிதவதி:
"என்னா, படம் காட்டுறீங்களா?"
அதற்குள் பிள்ளைகள் ஓடிவந்து
விரல்களால் சுவரில் ஒரு மானை நிறுத்திவிட்டார்கள்.
நான் ஸ்குரூவைத் திருகத் திருக
வெளிச்சம் தகரத்தை விட்டு இறங்கியது.
கொம்பு முதலில் போனது. பிறகு காது.
"அங்கிள் போதும், தலையை விடுங்க!"
கோட்டுக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திக்கொண்டேன்.

எல்லாம் சரியென்று நினைத்த புதன்கிழமை
பனிமூட்டம் இறங்கியது.
விடிய நாலரை, காசல்ரீ ஓரம்.
இரண்டாயிரத்து எழுநூறு ரூபாயும்
அப்படியே திரும்பி என் முகத்தில் விழுந்தது.
சுண்ணாம்பு அடித்த சுவர், நடு ரோட்டில்.
கீழே தண்ணீர் எந்தப் பக்கம் என்பதுகூடச் சத்தத்தில்தான்.
கேன்களை இறக்கிவைத்து,
போன் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பேப்பரைப் பிரித்தேன்.
கண்ணாடியில் விரல் படக்கூடாதாம்,
பால் வடிகட்டும் துணியால் பிடித்து மாட்டினேன்.

மஞ்சள்.
ஓரத்து வெள்ளைக்கல் ஒன்று தெரிந்தது.
போனேன். அடுத்த கல்.
சேகரிப்பு நிலையத்துக்கு இருபது நிமிடம் பிந்தினேன்,
பால் திரியவில்லை.

இப்போது ஒரே ஒரு குறை.
ஹோன் அடித்தால் லைட் மங்குகிறது.
"சின்ன பெட்டரி, ரெண்டுக்கும் காணாது,
கொண்டாங்க பாப்போம்" என்கிறான் ரிஸ்மி.
கொண்டுபோகவில்லை.
ஒவ்வொரு முடக்கிலும்
கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நிற்கும்:
கத்தவா, பார்க்கவா.
பெரும்பாலும் பார்க்கிறேன்.
அந்த பஸ் வந்தால் மட்டும்
அரை நொடி இருட்டில்
நன்றாகக் கத்துகிறேன்.